பதினேழாம் நம்பர் பில்லை

— இது தேசியப் பூங்காவுக்குப் போற ரோடாச்சே அண்ணே.

— ஆமா.

— வடக்குப் பக்கத்துக் குழிங்களைப் பார்க்கப் போறோம்னுதானே என்னை வண்டியில ஏத்துனீங்க?

— ஏத்துனேன்.

— திருப்புங்க. சத்தியமா சொல்றேன், திருப்புங்க வண்டிய. எம் பொண்டாட்டி காணாம போனது ஊருக்குள்ள. காலையில நடந்துட்டு வர்றேன்னு மோட்டல் ரூமை விட்டு இறங்கினவ. ஊரைச் சுத்தி நானூறு பழைய சுரங்கக் குழி வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு, நாம நாப்பது கிலோமீட்டர் தள்ளி வந்து ஈமு கோழியை எண்ணிக்கிட்டிருக்கோம்!

— கத்தாத நெவில். கத்தினா தாகம் எடுக்கும். பின்னாடி கேன்ல இருக்கற தண்ணி நமக்கு இல்ல.

— நமக்கு இல்லன்னா?

— உன் பொண்டாட்டி வெண்டிக்கு.

— கிளெம் அண்ணே, வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன். நேத்துக் காலையிலதான் உங்களை எனக்குத் தெரியும். பழைய சுரங்கத்தைச் சுத்திக் காட்டுனீங்க, நல்லாவே காட்டுனீங்க. அதோட சரி. எம் பொண்டாட்டி எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்?

— சரி, நீயே சொல்லு தம்பி. காலையில நடக்கப் போனாளே, கால்ல என்ன போட்டிருந்தா?

— ஷூ.

— என்ன கலரு?

— வெள்ளை. இல்ல, நீலம். நீலம்னுதான் போலீஸ்காரர்கிட்ட சொன்னேன். காலங்காத்தால எவன்யா பொண்டாட்டி காலைப் பார்த்துக்கிட்டிருப்பான்?

— காப்பி குடிச்சாளா?

— குடிச்சா.

— ரூம்ல ரெண்டு கப்பு வெச்சிருக்காங்க. ஒண்ணு கழுவாம கெடக்கு. இன்னொண்ணு கவுத்து வெச்சபடியே இருக்கு, மேல போட்ட காகித மூடியைக்கூட எடுக்கல. மோட்டல்காரி சொன்னா.

— என் கப்புலயே ரெண்டு பேரும் குடிச்சோம். போதுமா? போலீஸ்காரர் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியாச்சு. உங்களுக்குத் தனியா வேற சொல்லணுமா?

— அந்தப் போலீஸ்காரன் கடலோரத்துல இருந்து மாத்தலாகி வந்து ஆறு மாசம் ஆகல. கடல் தண்ணியைத் தவிர வேற எதுலயும் எறங்கிப் பார்த்ததில்ல அவன். நான் நாப்பத்தோரு வருஷம் சுரங்கத்துக்குள்ள எறங்கினவன். அதுல பத்தொம்பது வருஷம் ஷிப்டு மேஸ்திரி. நீ?

— முப்பத்திநாலு. வேற ஊரு. ஈயம், துத்தநாகம். நேத்தே சொன்னேனே.

— சொன்னே. அதனாலதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்.

— பெருசு, கேக்குதா? மார்லீன் பேசறேன். ரேடியோவை எடு.

— கேக்குது தாயி, சொல்லு.

— கிழக்கு வேலி ஓரம் வந்து நிக்கறேன். நீ சொன்ன இடம்தான். ஊருல அத்தனை பேரும் குழி குழியா விளக்கை இறக்கிப் பார்த்துக்கிட்டிருக்காங்க, பூங்கா ரேஞ்சர் நான் ஒருத்தி மட்டும் இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன். நெஜமாவே ஈ. மூக்குக்குள்ள போகுது. எதுக்கு என்னை இங்க நிறுத்தி வெச்சிருக்கே?

— உன் வண்டியில வெயில் எவ்வளவு காட்டுது?

— நாப்பத்தாறு. ரெண்டு மணிதான் ஆகுது, இன்னும் ஏறும்.

— எஞ்சினை அணைக்காம இரு. கூப்புடறேன்.

— ஒனக்கு ஏதோ தெரியுது, வாயைத் திறக்க மாட்டேங்கறே. ஒன்கிட்ட எனக்குப் பிடிக்காத கொணமே இதான் பெருசு.

— ஏன் அண்ணே நிறுத்திட்டீங்க?

— ரோடு ரெண்டாப் பிரியுது, பார்த்தியா? இடது பக்கம் போனா பெரிய மலையிடுக்கு. வலது பக்கம் போனா குகை ஓவியம், பழைய ஆட்டுப் பண்ணை. ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூறு கிலோமீட்டர். மார்லீனை நடுவுல நிறுத்தி வெச்சிருக்கேன். தப்பான பக்கம் அனுப்பிட்டா அவ திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். ஹெலிகாப்டர் வருது, ஆனா அதை ஊரு மேல சுத்தத்தான் சொல்லியிருக்காங்க. நீ சொன்னதை நம்பி. எந்தப் பக்கம், நெவில்?

— எனக்கு எப்படித் தெரியும்?

— நேத்து எந்தப் பக்கம் போனீங்க?

— ரெண்டு பக்கமும்தான் சுத்தினோம். சுத்திட்டு ஊருக்கு வந்துட்டோம். ரெண்டு பேரும். பலகையில பில்லையை மாட்டியாச்சு. அஞ்சு மணிக்கு எல்லாப் பில்லையும் இருந்துச்சுன்னு நீங்களே போலீஸ்காரர்கிட்ட சொன்னீங்க, நானும் பக்கத்துல நின்னு கேட்டேன்.

— சொன்னேன். சொந்தக் கார்ல பூங்காவுக்குப் போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பித்தளைப் பில்லை. போகும்போது கொக்கியில இருந்து எடுக்கணும், வந்ததும் அதே கொக்கியில மாட்டணும். சுரங்கத்துல நாம செஞ்ச மாதிரியேதான். அஞ்சு மணிக்கு ஒரு கொக்கி காலியா இருந்தாலும் நான் மார்லீனைக் கூப்புடுவேன், அவ தேட ஆரம்பிச்சிடுவா. நேத்து உனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினேழு. இருபது கொக்கி, இருபது பில்லை. அதனால யாரும் தேடல.

— அதானே சொல்றேன்.

— இன்னைக்கு மத்தியானம் மனசு கேக்காம மறுபடி போய்ப் பலகைகிட்ட நின்னேன். பத்தொம்பது பில்லை நம்பரு தெரியற மாதிரி தொங்குது. பதினேழு மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டு நிக்குது.

— காத்துல திரும்பியிருக்கும்.

— பூட்டின ரூமுக்குள்ள ஏதுய்யா காத்து? டூரிஸ்ட்டு எவனும் அப்படி மாட்ட மாட்டான், அவனுக்கு அது தெரியாது. சுரங்கத்துல கூட்டாளி அடுத்த லிப்ட் கூண்டுல வந்துக்கிட்டிருக்கான், நாம முந்தி மேல வந்துட்டோம், அவன் பில்லையையும் நாமே மாட்டிட்டுப் போறோம். ஆனா சுவரைப் பார்த்து மாட்டணும். “இவன் இன்னும் மேல வரல, வந்துக்கிட்டிருக்கான், வெடி வெச்சிடாதே”ன்னு மேஸ்திரிக்குச் சொல்றது. எந்தச் சட்டப் புத்தகத்துலயும் கெடையாது. கீழ வேலை செஞ்சவனுக்கு மட்டும் தெரியும். நேத்துப் பூங்காவுக்குப் போனவங்கள்ல கீழ வேலை செஞ்சவன் நீ ஒருத்தன்தான்.

— இதைப் போலீஸ்காரர்கிட்ட சொல்றதுதானே?

— சொன்னேன். “பில்லை திரும்பியிருக்கறதெல்லாம் ஒரு சாட்சியா பெரியவரே”ன்னான். அவனுக்கு எப்படிப் புரியும்? இடதா, வலதா?

— தெரியாதுன்னா தெரியாது.

— சரி. எஞ்சினை அணைக்கறேன். நீ சொல்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருப்போம்.

— கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? இந்த வெயில்லயா? அடுப்புக்குள்ள உக்கார வெச்ச மாதிரி இருக்கு!

— இருக்குல்ல? நமக்குக் கூரை இருக்கு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

— அண்ணே...

— கண்ணாடியை இறக்காத. அப்படியே இரு. நல்லா வேர்க்கட்டும்.

— என்னால மூச்சு விட முடியல அண்ணே.

— பெருசு! பெருசு, எடு ரேடியோவை! ஊருல மூணாம் குழிக்கு அடியில ஏதோ நீலமாத் தெரியுதாம். அந்தம்மா ஷூ நீலம்னு சொன்னாங்கல்ல, அதுவாத்தான் இருக்கும்னு டாரில் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்கறான். மேல இருக்கற கட்டையெல்லாம் கரையான் தின்ன கட்டை! யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறானாம். அவன் பொண்டாட்டி குழி வாயில நின்னு கதறிக்கிட்டிருக்காளாம்!

— கேட்டுச்சா நெவில்? டாரில். பேக்கரிக்காரன். நேத்து உனக்குக் கறி அடைச்ச ரொட்டியைச் சூடு பண்ணி எடுத்துக் குடுத்தானே, அவன்தான். மூணு பொம்பளைப் புள்ளைங்க அவனுக்கு.

— எறங்க வேணாம்னு சொல்லுங்க.

— ஏன்?

— அந்தக் குழியில அவ இல்ல.

— எப்படித் தெரியும்?

— ஐயோ, முதல்ல அவனை நிறுத்தச் சொல்லுங்கய்யா! எந்தக் குழியிலயும் இல்ல அவ! ஊருக்கே வரல! இடது பக்கம். இடது பக்கம்ணே, நேத்து மூணு மணிக்கு அங்கதான் விட்டுட்டு வந்தேன். மலையிடுக்கு.

— மார்லீன்! டாரிலை மேல ஏறச் சொல்லு, இப்பவே! அப்புறம் நீ கெளம்பு. பெரிய மலையிடுக்கு. நேத்து மூணு மணியில இருந்து அங்க இருக்கா.

— நேத்தா? நேத்து மூணு மணியா? பெருசு, இருபத்திமூணு மணி நேரம்! ஒரு பாட்டில் தண்ணிகூட வெச்சிருந்தாளா?

— வெச்சிருந்தாளா நெவில்?

— ஒண்ணு. சின்னது. பாதி நான் குடிச்சிட்டேன்.

— பாதி பாட்டில், தாயி. எவ்வளவு நேரத்துல போவே?

— வேலி ஓரமாவே குறுக்கால போனா இருபத்தஞ்சு நிமிஷம். எந்தப் பய இதை இவ்வளவு நேரம் மறைச்சது?

— அப்புறம் திட்டிக்கலாம். இப்ப ஓட்டு.

— வேகமாப் போங்க அண்ணே.

— போறேன். இந்த மண்ணுல இதுக்கு மேல போனா வண்டி கவுந்துடும். நீ எங்க விட்டேன்னு சரியாச் சொல்லு.

— கார் நிறுத்தற இடத்துல இருந்து உள்ள நடந்தா ரெண்டாவது வளைவு. பாறைக்குக் கீழ குட்டையாத் தண்ணி தேங்கி நிக்கும், பச்சையா. அது பக்கத்துக் கல்லு மேல உக்காந்திருந்தா. பாறைக் கங்காரு பார்க்கணும்னா. வெயில் சாஞ்சாத்தான் தண்ணி குடிக்க எறங்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு, இருந்து பார்த்துட்டுப் போவோம்னா. நான், நாலு மணிக்குப் பழைய உருக்காலையைத் திறந்து காட்டுவாங்க, எழுந்திரு போலாம்னேன்.

— உருக்காலையைத் திறக்கறது நான்தான். நேத்தும் திறந்தேன், உன்னைத்தான் காணோம். நாளைக்கும் திறப்பேன்.

— தெரியும்ணே. இப்பத் தெரியுது.

— அதுக்கா பொண்டாட்டியோட சண்டை?

— அதுக்கு மட்டுமா இருக்கும்? முப்பத்திநாலு வருஷத்துக்கும் சேர்த்து. ரிட்டயர் ஆனதும் கடலுக்குப் போய் இருப்போம்னு அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இது அஞ்சாவது சுரங்க ஊரு. எனக்கு வேற எங்க போனாலும் யாரோடயும் பேச ஒண்ணும் இல்லண்ணே. ஒரு பழைய கூண்டைப் பார்த்தா, ஒரு பழைய மேஸ்திரியைப் பார்த்தா, மனுஷனாத் தெரியறேன். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கல. “நீ உசுரோட மேல வந்துட்டியான்னு தெனம் சுரங்கக் கேட்டுல நின்னு அந்தப் பலகையையே பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னமும் என்னைக் கொண்டுவந்து குழி வாயிலதான் நிறுத்தறே”ன்னா.

— தப்பா ஒண்ணும் சொல்லலியே.

— நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். என் சம்பாத்தியத்துலதானே சாப்புட்டேன்னேன். அவ மூஞ்சி எப்படியோ ஆயிடுச்சு. “போ. உன் குழிக்கே போ. என்னைக் கூட்டிட்டுப் போக நீ வர வேணாம்”னா.

— நீ போயிட்டே.

— அங்க ஒரு டூரிஸ்ட் பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு அண்ணே. வயசானவங்க ஒரு இருபது பேரு. அவங்களும் ஊர் வழியாத்தான் போகணும், வேற ரோடு கெடையாது. அதுல ஏறி வந்துடுவான்னு நெனைச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். தொலைச்சுடப் போறான்னு அவ பில்லையையும் நானே வாங்கி பாக்கெட்டுல போட்டு வெச்சிருந்தேன். உங்க பலகைகிட்ட வந்து நின்னா கையில ரெண்டு இருக்கு. பின்னாடி வர்றாளேன்னு பழக்கத்துல திருப்பி மாட்டினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

— பஸ் வந்துச்சா?

— வந்துச்சு. பார்ல உக்காந்து ஜன்னல் வழியாப் பார்த்தேன். நிக்காம போயிடுச்சு. அவ அதுல இருந்திருக்கா, என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம அப்படியே அடுத்த ஊருக்குப் போயிட்டான்னு நெனைச்சேன். போனாப் போகட்டும்னு குடிச்சேன். காலையில அடிலெய்டுல அவ அக்காவுக்குப் போன் போட்டேன். இங்க வரலியே, ஏன், என்னாச்சுன்னாங்க. அப்பத்தான் அவ இன்னும் மலையிடுக்குலயே இருக்கான்னு புரிஞ்சுது.

— அப்பவே என்கிட்ட ஓடி வர வேண்டியதுதானே?

— ஓடித்தான் வந்தேன். மோட்டல் வாசல்லயே போலீஸ்காரர், அவ அக்கா அதுக்குள்ள அவருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. மோட்டல்காரி நிக்கறா, டாரில் நிக்கறான், நீங்க நிக்கறீங்க. “கடைசியா எப்பப் பார்த்தீங்க”ன்னு கேட்டாரு. கட்டினவளை இந்த வெயில்ல மலைக்குள்ள விட்டுட்டு உருக்காலை பார்க்க வந்தேன்னு எப்படிச் சொல்லுவேன் அண்ணே, அத்தனை பேருக்கு முன்னாடி? “காலையில”ன்னு வாயில வந்துடுச்சு. நைசா நானே காரை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்னு இருந்தேன். நேத்துக் குடிச்ச வாடை அடிக்குதுன்னு சாவியை அவரு வாங்கி வெச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் சொல்லிடணும், சொல்லிடணும்னு. அந்த சனங்க எனக்காகக் கையெல்லாம் கிழிச்சுக்கிட்டு முள்ளுக்குள்ள தேடறாங்க. டீ கொண்டுவந்து குடுக்கறாங்க. தோள்ல கையைப் போட்டு அழாதீங்கங்கறாங்க. நேரம் ஆக ஆகச் சொல்லவே முடியல.

— தண்ணி குடி. ஒரு வாய் மட்டும்.

— வேணாம். எனக்கு வேணாம். நான் ஒரு மனுஷனாண்ணே?

— அதை என்கிட்ட கேக்காத. எனக்கும் ஒண்ணு இருக்கு, கேளு. நீ பில்லையைச் சரியாத்தான் மாட்டியிருக்கே. அவ இன்னும் வரலைன்னு எழுதி வெச்ச மாதிரி மாட்டியிருக்கே. அதைப் படிக்க வேண்டியவன் நான். பத்தொம்பது வருஷம் ஒவ்வொரு பில்லையா விரலால தொட்டுத்தான் எண்ணியிருக்கேன். நேத்துக் கிரிக்கெட் கடைசி ஓவரு. கதவுகிட்ட நின்னே எண்ணினேன். எல்லாக் கொக்கியும் நெறைஞ்சிருக்கு, பூட்டுன்னு பூட்டிட்டேன். தொட்டுப் பார்த்திருந்தா அவ நேத்தே ஊருக்கு வந்திருப்பா.

— அப்ப நீங்களும்...

— நானும்தான். ஆனா நான் தெரியாம செஞ்சேன். நீ தெரிஞ்சே அஞ்சு மணி நேரம் வாயை மூடிக்கிட்டிருந்தே. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காத.

— வைக்கல.

— பெருசு. கார் நிறுத்தற இடத்துக்கு வந்துட்டேன்.

— ஆளு?

— யாரும் இல்ல. தண்ணித் தொட்டிக் குழாய் வரைக்கும் வந்திருக்கா, காலடி இருக்கு. குழாயைத் திருகிப் பார்த்திருக்கா. அந்தத் தொட்டி காலி, நாளைக்குத்தான் லாரி வருது. திரும்பவும் உள்ள போயிருக்கா. வழியில ஒரு ஷூ கெடக்கு. வெள்ளை.

— வெள்ளைதான்! வெள்ளைதாம்மா! நான்தான் நீலம்னு... ஐயோ, டாரிலை நீலம்னு சொல்லி நான்தான் இறக்கப் பார்த்தேன்!

— யாரு அது கத்தறது? பெருசு, அந்த ஆளை அடக்கு. நான் உள்ள போறேன். பாறைக்கு நடுவுல ரேடியோ விட்டு விட்டுத்தான் வரும். ரெண்டாவது வளைவுதானே?

— ரெண்டாவது வளைவு. பச்சைத் தண்ணி.

— அந்தத் தண்ணியில போன வாரம் ஆடு விழுந்து செத்துக் கெடந்துச்சு. நான்தான் இழுத்துப் போட்டேன். அதைக் குடிச்சிருக்கக் கூடாது. குடிக்காமலும் இருந்திருக்கக் கூடாது. சரி, போறேன்.

— என்னண்ணே சொல்லுது அந்தப் பொண்ணு? குடிச்சா என்ன ஆகும்?

— பேசாம இரு.

— ஏன் சத்தத்தையே காணோம்?

— பாறை மறைக்குது. இப்பத்தான் சொன்னாளே.

— கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்ணே. நாளைக்கே. இனிமே ஒரு குழியை எட்டிப் பார்க்க மாட்டேன். சத்தியமா. அவ கங்காரு பார்க்கணும்னா கங்காரு, சும்மா உக்காந்திருக்கணும்னா சும்மா. என்னைத் திட்டட்டும். அடிக்கட்டும். என்னை விட்டுட்டு அக்கா வீட்டுக்கே போயிடட்டும். இருந்தாப் போதும்.

— மார்லீன். மார்லீன், கேக்குதா?

— பதிலே இல்லியே!

— மார்லீன்.

— பெருசு... இருக்கா...

— என்ன? விட்டு விட்டு வருது. திருப்பிச் சொல்லு.

— இருக்கா! உசுரோட இருக்கா! பாறை நிழல்ல சுருண்டு கெடக்கா. உதடெல்லாம் வெடிச்சிருக்கு, உடம்பு அனலாக் கொதிக்குது. துணியை நனைச்சு நனைச்சு வைக்கறேன். வாயில துளித்துளியா விடறேன், முழுங்கறா. நர்ஸ்கிட்ட பேசியாச்சு, ஹெலிகாப்டரை இங்க திருப்பிட்டாங்க.

— கடவுளே! கடவுளே! மார்லீன், நான் நெவில் பேசறேன்மா. அவகிட்ட சொல்லும்மா, நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு!

— நீதான் அந்தப் புருஷனா?

— ஆமாம்மா. கண்ணு முழிச்சிருக்காளா? பேசறாளா?

— பேசறா. ஆனா என்கிட்ட இல்ல. நேத்து அந்த பஸ் டிரைவர் வந்து ஏறிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான் போல. நான்தான் அவன்னு நெனைச்சுக்கிட்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றா.

— என்ன சொல்றா?

— “நீங்க கெளம்புங்க தம்பி, எனக்காக நிக்க வேணாம். கோவத்துல போயிருக்காரு, அவ்வளவுதான். முப்பத்திநாலு வருஷத்துல ஒருத்தரைக்கூடக் கீழ விட்டுட்டு மேல வந்ததில்ல எங்க வீட்டுக்காரர். இதோ, வந்துடுவாரு.”